கோவையின் ஆலை முதலாளிகளும் நிலக்கிழார்களும்: பெயர்ப்பலகைகளுக்குப் பின்னால் இருக்கும் நிலமும் கிணறும்

நொய்யல்வாசி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். கோயம்புத்தூரின் பெருமக்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வரிசையைத்தான் பின்பற்றுகிறார்கள். 1888-இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் முதல் நூற்பாலையை நிறுவினார், 1910-இல் ஜி. குப்புசாமி நாயுடு லட்சுமி மில்லைத் தொடங்கினார். பிறகு பீளமேட்டுக் குடும்பங்கள் வந்தன, மின்சாரம் வந்தது, ஊர் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் ஆனது என்று அந்த வரிசை முடிந்துவிடுகிறது. இதில் தவறு ஒன்றும் இல்லை. ஆயினும் ஆலை கட்டுவதற்கான பணம் எந்த மண்ணிலிருந்து விளைந்தது, அந்த மண் யார் பெயரில் இருந்தது, அதில் உழைத்தவர்கள் யார் என்ற கேள்விகளுக்கு அதில் விடை கிடைப்பதில்லை. அவற்றை இங்கே விரிவாகப் பேச வேண்டும் என்பது என் விருப்பம்.

முதலில் நில உடைமையின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். 1799-இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் கோவைப் பகுதி கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) ஆட்சியின் கீழ் வந்தது. இராமநாதபுரம், சிவகங்கை போன்ற பெரிய ஜமீன்கள் நகரைச் சுற்றி உருவாகவில்லை. பொள்ளாச்சிப் பக்கத்தில் ஊத்துக்குளி, சமத்தூர் போன்ற பழைய பாளையங்களின் வழிவந்த ஜமீன்கள் இருந்தன. மாவட்டத்தின் பெரும்பகுதியோ ரயத்துவாரி முறையில், ஒவ்வொரு புலமும் அளக்கப்பட்டு, உழுகிற குடியானவரின் பெயரிலேயே பட்டா தரப்பட்ட நிலமாக இருந்தது. ஆகவே இந்நகரின் நிலக்கிழார் என்பவர் காவிரிப் பாசனத்து மிராசுதாரைப் போல ஆற்று நீரை நம்பிக் குத்தகை வாங்கி வாழ்ந்தவர் அல்லர். பெரும்பாலும் சொந்தக் கிணற்றை வெட்டி, சொந்த மாடுகளைப் பூட்டி, தோட்டம் செய்தவர்.

கொங்கு நாட்டில் கிணற்றுப் பாசனம் உள்ள நிலத்துக்குத்தான் தோட்டம் என்று பெயர். மழையை நம்பியது காடு. ஒரு குடும்பத்தின் செல்வநிலையை ஏக்கர் கணக்கைக் காட்டிலும் எத்தனை கிணறு, எத்தனை கவலை (எருது பூட்டிக் கிணற்று நீரை இறைக்கும் ஏற்பாடு) என்பதே சரியாகச் சொல்லும். இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் கம்போடியாப் பருத்தி இம்மாகாணத்துக்கு வந்தபோது, அது இத்தகைய தோட்டத்தில் நன்றாகப் பிடித்துக்கொண்டது. நாட்டுப் பருத்தியைவிட நீண்ட இழை, நல்ல விலை. அதே ஆண்டுகளில் வேளாண்மைக் கல்லூரியும் சைதாப்பேட்டையிலிருந்து கோவைக்கு இடம் மாறியது. பருத்தி விளைவித்தவர்களில் வசதியுள்ளவர்கள் முதலில் பருத்தியிலிருந்து கொட்டையை நீக்கும் ஜின்னிங் ஆலை வைத்தார்கள், பிறகு பஞ்சு வியாபாரம் செய்தார்கள், அதன்பின் நூற்பாலைக்கு வந்தார்கள். கம்போடியா மில் என்ற பெயரிலேயே இங்கு ஓர் ஆலை இருந்தது என்பதை எண்ணிப் பார்த்தால் இந்தத் தொடர்பு எவ்வளவு நெருக்கமானது என்பது புரியும்.

என் கருத்து இதுதான்: கோவையின் ஆலை முதலாளிகளின் வரலாற்றை மில்லின் வாயிலிலிருந்து தொடங்காமல் கிணற்றிலிருந்து தொடங்க வேண்டும்.

பழம்பதிவேடு

நல்ல தொடக்கம், நண்பரே. ஆனால் கிணறு என்ற ஒரே வழியாக எல்லாவற்றையும் கொண்டுவந்துவிட முடியாது. நகரை உருவாக்கியவர்களில் தோட்டக்காரர் அல்லாதவர்களும் கணிசமாக இருந்தார்கள்.

ஸ்டேன்ஸையே எடுத்துக்கொள்வோம். அவருடைய முதல் தொழில் காப்பி. மலைத் தோட்டங்களில் விளைந்த காப்பிக்கொட்டையைப் பதப்படுத்தும் நிலையத்தை 1861-இல் இங்கே அமைத்தார். அடுத்த ஆண்டே பள்ளி ஒன்றைத் தொடங்கினார். போத்தனூர் வழியாக ரயில் பாதை 1862-இல் மேற்குக் கரையோடு இணைந்தது. பிரதான பாதை நகரை விட்டு விலகிச் சென்றதால், மேட்டுப்பாளையத்துக்குச் செல்லும் கிளைப் பாதை 1873-இல் அமைந்தபோதுதான் கோவை நகரமே ரயிலைக் கண்டது. நீலகிரியின் காப்பியும் தேயிலையும் இறங்கும் வழியில் ஊர் அமைந்திருந்தது என்பது பருத்திக்கு முந்தைய காரணம். அதை விட்டுவிட்டால் முதல் ஆலை ஏன் ஓர் ஆங்கிலேயர் கையில் எழுந்தது என்பதை விளக்க முடியாது.

சே.ப. நரசிம்மலு நாயுடு இன்னொரு வகை. அவர் 1854-இல் பிறந்தவர். சேலத்திலிருந்து வந்து கோவையில் பத்திரிகை நடத்தினார், அச்சகம் வைத்தார், பயண நூல்கள் எழுதினார். பெரும் பண்ணை எதுவும் அவருடைய செல்வாக்குக்கு அடிப்படை அல்ல. இருந்தும் 1892-இல் எழுந்த விக்டோரியா நகர மண்டபத்துக்கும், முதல் நூற்பாலைக்கு ஆதரவு திரட்டியதற்கும், சிறுவாணி நீரை நகருக்குக் கொண்டுவர வேண்டும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே வலியுறுத்தியதற்கும் அவர் பெயர் வருகிறது. எழுத்தையும் பேச்சையும் கொண்டே ஒருவர் நகரின் முன்னணியில் நின்றார் என்பதை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஆர்.கே. சண்முகம் செட்டியார் வணிகக் குடும்பத்திலிருந்து வந்தவர். 1892-இல் பிறந்து, சட்டம் பயின்று, நகரசபையிலிருந்து மத்திய சட்டசபையின் தலைவர் பதவி வரை சென்று, 1935 முதல் 1941 வரை கொச்சியின் திவானாக இருந்து, 1947 நவம்பர் 26 அன்று சுதந்திர இந்தியாவின் முதல் வரவுசெலவுத் திட்டத்தை அளித்தவர். தமிழிசை இயக்கத்துக்கும் துணைநின்றார். இவரையும் கவலை இறைத்த தோட்டக்காரரையும் ஒரே சட்டகத்தில் வைத்தால் இருவருக்கும் நியாயம் செய்ததாகாது.

சாமிக்கண்ணு வின்சென்ட்டையும் சேர்க்க வேண்டும். ரயில்வேயில் வரைவாளராக இருந்தவர், 1905-இல் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படக்கருவியை வாங்கி ஊர் ஊராகக் கொண்டுசென்றார். 1914-இல் வெரைட்டி ஹால் என்னும் திரையரங்கைக் கட்டினார். மாதச் சம்பளக்காரர் ஒருவரின் துணிச்சலால் ஒரு சாலைக்கே பெயர் அமைந்த ஊர் இது.

நொய்யல்வாசி

பழம்பதிவேடு சொல்வதை ஏற்கிறேன். ஆனால் அவர் சொன்ன வணிகர்களும் வழக்கறிஞர்களும் சேர்ந்துகூட 1920-களிலும் 1930-களிலும் எழுந்த ஆலைகளின் எண்ணிக்கையை விளக்கிவிட முடியாது. அந்த ஆலைகள் நகராட்சி எல்லைக்குள் எழவில்லை என்பதைக் கவனியுங்கள். பீளமேடு, பாப்பநாயக்கன்பாளையம், சிங்காநல்லூர், ஒண்டிப்புதூர், கணபதி ஆகிய எல்லாம் அன்று பருத்திக் காடும் சோளக் காடும் சூழ்ந்த ஊர்கள். நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்து மின்சாரம் 1930-களின் தொடக்கத்தில் சமவெளிக்கு இறங்கியதும், நீராவி எந்திரத்துக்கு நிலக்கரி தேடாமல், தன் ஊரில் தன் நிலத்திலேயே ஆலை கட்ட முடிந்தது. நிலத்துக்குத் தனியாக விலை கொடுக்க வேண்டாம் என்பது எவ்வளவு பெரிய முதலீடு என்பதைத் தொழில் தொடங்கிய எவரும் அறிவார்.

ஜி.டி. நாயுடுவின் வாழ்க்கையும் இதே வழியில்தான் தொடங்குகிறது. கலங்கல் கிராமத்து வேளாண் குடும்பத்தில் 1893-இல் பிறந்தார். பருத்தித் தொழிலில் இறங்கிப் பம்பாய் வரை சென்று பணத்தை இழந்தார். பிறகு ஸ்டேன்ஸின் உதவியோடு ஒரு பேருந்தை வாங்கி 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டினார். காப்பி வணிகத்தில் வளர்ந்த ஆங்கிலேயரும் பருத்தி மண்ணிலிருந்து வந்த உழவர் மகனும் சந்திக்கும் இடம் அது. பொள்ளாச்சி நாச்சிமுத்துக் கவுண்டர் 1931-இல் தொடங்கிய ஆனைமலை பேருந்துப் போக்குவரத்தும், அவருடைய மகன் அருட்செல்வர் நா. மகாலிங்கம் பின்னர் கரும்பு ஆலைகள் வரை விரித்த தொழில்களும் இதே மண்ணில் வேர்கொண்டவையே.

தறிநூல்

ஒரு செய்தியைச் சேர்க்க விரும்புகிறேன். நிலத்தைப் பாகம் பிரித்தால் ஒவ்வொரு தலைமுறையிலும் அது சிறுத்துப்போகும். கிணற்றையோ பிரிக்கவே முடியாது என்பதால் முறை வைத்து இறைக்க வேண்டியிருக்கும், அதிலேயே அண்ணன் தம்பி வழக்கும் பிறக்கும். ஆலையைப் பங்குகளாகப் பிரிக்கலாம். பிரித்தபின்னும் ஆலை ஒன்றாகவே ஓடும். கூட்டுக் குடும்பங்கள் நிலத்திலிருந்து கம்பெனிக்கு மாறியதற்கு இலாபம் மட்டும் காரணம் அல்ல, சொத்தைச் சிதறாமல் காக்கும் வழியாகவும் அது அமைந்தது என்று நான் கருதுகிறேன்.

இதற்குச் சிறந்த சான்று பீளமேடு பூ.சா.கோ. குடும்பம். பூ.சா. கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு புதல்வர்கள் சொத்தைப் பிரித்தபோது நான்காகப் பிரிக்காமல் ஐந்தாகப் பிரித்து, ஐந்தாவது பங்கை அறத்துக்கு ஒதுக்கினார்கள். 1926-இல் அமைந்த அந்த அறநிலையம்தான் இன்றைய கல்லூரிகளுக்கும் மருத்துவமனைக்கும் தாய். அறத்தை ஓர் உடன்பிறப்பாக ஏற்றுப் பாகம் கொடுத்த அந்தச் செயலை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது. அதே ஆண்டில் தொழிற்பயிற்சிக்கூடமும் தொடங்கப்பட்டது. 1951-இல் பொறியியல் கல்லூரி வந்தது. அதன் முதல் முதல்வராக இருந்த ஜி.ஆர். தாமோதரன் கலைக்கதிர் இதழின் வழியாக அறிவியலைத் தமிழில் எழுதும் மரபையும் வளர்த்தார்.

கம்பெனி முறையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பங்குகளைப் பலரும் வாங்கினாலும் நிர்வாகம் மேனேஜிங் ஏஜென்சி என்ற ஏற்பாட்டின்படி ஒரு குடும்பத்தின் கையிலேயே இருந்தது. 1970-இல் அந்த முறை சட்டப்படி ஒழிக்கப்படும் வரை, சிறிய பங்கை வைத்துக்கொண்டே ஒரு குடும்பம் முழு ஆலையையும் நடத்த முடிந்தது. ஆகவே ஆலையின் உரிமையாளர் என்று நினைவு மலர்களில் எழுதப்படுகிறவரையும், பங்கேட்டில் பெயர் உள்ள ஊர்க்காரர்களையும் வேறுபடுத்திப் பார்க்க வேண்டும். பங்கு வாங்கிய சிறு குடியானவர்களின் பெயர்கள் எந்தச் சாலையிலும் இல்லை.

கிணற்றடி

கிணற்றிலிருந்து தொடங்க வேண்டும் என்றார் இழையைத் தொடங்கியவர். அப்படியானால் கிணற்றில் நின்றவரிடமிருந்தும் தொடங்க வேண்டும்.

கவலை இறைப்பது என்பது இரண்டு எருதுகளைச் சரிவான வாரியில் கீழே ஓட்டி, வடக்கயிற்றில் கட்டிய சால் என்னும் நீர்க்கலத்தை மேலே கொண்டுவந்து, தோல் வால் வழியாக நீரைத் தொட்டியில் கொட்டி, மீண்டும் மாடுகளைப் பின்னோக்கி நடத்தி மேலே கொண்டுவருவது. விடியற்காலையில் பூட்டினால் வெயில் ஏறும் வரை இடைவிடாமல் நடக்கும் வேலை. அந்தச் சாலுக்கும் வாலுக்கும் தேவையான தோலைப் பதப்படுத்தித் தைத்தவர்கள் அருந்ததியர். கவலை ஓட்டியவர்களிலும் பெரும்பகுதி அவர்களே. பல தோட்டங்களில் அவர்கள் ஆண்டுக் கணக்கில் பண்ணையாளாகக் கட்டுப்பட்டு, கூலியைத் தானியமாகப் பெற்று, வாங்கிய முன்பணத்தைத் தீர்க்க முடியாமல் தலைமுறையாக அதே பண்ணையத்தில் இருந்தார்கள். தோல் இல்லாமல் கவலை இல்லை, கவலை இல்லாமல் தோட்டம் இல்லை, தோட்டம் இல்லாமல் கம்போடியாப் பருத்தி இல்லை. கோவையின் தொழில் முதலீட்டை எழுதுகிற எவரும் இந்த உழைப்பை முதல் வரியில் எழுதாவிட்டால் அந்த வரலாறு பாதிதான்.

இங்கே இன்னொரு திருப்பமும் உண்டு. ஆழமாகிக்கொண்டே போன கிணறுகளுக்கு எருதுகள் போதவில்லை. எண்ணெய் எந்திரமும் பின்னர் மின் மோட்டாரும் தேவைப்பட்டன. தோட்டக்காரரின் இந்தத் தேவையால்தான் நகரில் வார்ப்படப் பட்டறைகளும் பம்பு செட் தொழிலும் இவ்வளவு பரவின. 1937-இல் ஜி.டி. நாயுடுவும் த. பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவில் முதன்முதலாக மின் மோட்டாரை உருவாக்கியது தற்செயல் அன்று. அதை வாங்குவதற்கு ஆயிரக்கணக்கான கிணறுகள் சுற்றிலும் இருந்தன. பாலசுந்தரம் பின்னர் டெக்ஸ்டூலைத் தொடங்கி நூற்பு எந்திரங்களையும் உள்ளூரிலேயே செய்யும் நிலையை உருவாக்கினார். ஆனால் மோட்டார் வந்ததும் கவலை ஓட்டியவருக்கும் சால் தைத்தவருக்கும் தோட்டத்தில் வேலை குறைந்தது. அவர்களுடைய பிள்ளைகள் பட்டறைக்கும் ஆலைக்கும் துப்புரவுப் பணிக்கும் சென்றார்கள். அந்த மோட்டாரைக் கண்டு பெருமைப்படும்போது அவர்கள் எங்கே சென்றார்கள் என்பதையும் நாம் கேட்க வேண்டும்.

ஆலைச்சங்கு

கிணற்றடியின் பதிவை வணங்குகிறேன். ஆலையின் உள்ளே நடந்ததையும் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஆட்களைச் சேர்க்கும் அதிகாரம் மேஸ்திரியிடம் இருந்தது. அவர் தன் ஊரிலிருந்தும் உறவிலிருந்தும் ஆட்களைக் கொண்டுவந்தார். நிலக்கிழாருக்கும் பண்ணையாளுக்கும் இருந்த பிடி பல ஆலைகளில் மேஸ்திரியின் வழியாகவே தொடர்ந்தது. 1930-களில் அதை எதிர்த்துத் தொழிலாளர்களைத் திரட்டியவர்களில் முதன்மையானவர் என்.ஜி. ராமசாமி. அவர் 1943-இல், முப்பதை ஒட்டிய வயதிலேயே மறைந்தார். நகரின் பெருமக்கள் பட்டியலில் அவருக்கு ஆலை முதலாளிகளுக்கு நிகரான இடம் தரப்பட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

சின்னியம்பாளையத்துத் தொழிலாளர்கள் ராமையன், வெங்கடாசலம், சின்னையன், ரங்கண்ணன் ஆகிய நால்வரும் 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். பெண் தொழிலாளர் ஒருவருக்கு இழைக்கப்பட்ட கொடுமையைத் தொடர்ந்து எழுந்த மோதலில் அடியாள் ஒருவர் இறந்த வழக்கு அது. வ.உ. சிதம்பரனார் செக்கிழுத்த அதே சிறை. சிதம்பரனாரின் செக்கு பாதுகாக்கப்படுகிறது, அது நன்று. நால்வரின் பெயர்களையும் பள்ளிப் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

பெண்களைப் பற்றி ஒரு சொல்: சரோஜா, பங்கஜா, கமலா, வசந்தா என்று ஆலைகளுக்குப் பெண்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. உள்ளே கழிவுப் பஞ்சைப் பிரித்தும் நூல் சுற்றியும் உழைத்த பெண்களின் பெயர்கள் வருகைப் பதிவேடுகளோடு மறைந்துவிட்டன. அவற்றுள் எஞ்சியவற்றையாவது காக்க வேண்டும்.

நொய்யல்வாசி

இருவருக்கும் நன்றி. நிலம் பின்னர் என்ன ஆயிற்று என்பதையும் பார்ப்போம்.

கொள்ளைநோய் நகரைத் தாக்கியபின், நெரிசலான பழைய பேட்டைகளுக்கு மேற்கே விளைநிலங்களில் மனைகள் பிரிக்கப்பட்டன. நகரசபைத் தலைவராக இருந்த திவான் பகதூர் சி.எஸ். ரத்தினசபாபதி முதலியாரின் பெயரால் அது ஆர்.எஸ். புரம் ஆயிற்று. நரசிம்மலு நாயுடு கனவு கண்ட சிறுவாணி நீரும் இவருடைய காலத்தில்தான் நகரை அடைந்தது. இதிலிருந்து தெரிவது, குடிநீரும் நேரான தெருக்களும் வந்தபின் தோட்டத்தை உழுவதைவிட மனையாக விற்பது அதிக ஆதாயம் தரத் தொடங்கியது என்பதே.

1961-ஆம் ஆண்டின் நில உச்சவரம்புச் சட்டம் 30 தர ஏக்கர் (நிலத்தின் தரத்தைக் கொண்டு கணக்கிடும் ஏக்கர்) என்று எல்லை வகுத்தது; 1970-இல் அது 15 ஆகக் குறைக்கப்பட்டது. நகர்ப்புற நிலத்துக்கான தமிழகச் சட்டம் 1978-இல் வந்து 1999-இல் நீக்கப்பட்டது. இதற்கிடையே 1974-இல் நலிந்த ஆலைகள் நாட்டுடைமையாக்கப்பட்டு தேசியப் பஞ்சாலைக் கழகத்திடம் சென்றன. ஸ்டேன்ஸ் தொடங்கிய ஆலையும் கம்போடியா மில்லும் அவற்றில் அடங்கும். அந்த ஆலைகளின் சங்கு 2020 மார்ச் மாதத்தில் நின்றது. தனியார் ஆலைகளில் சிலவற்றின் வளாகங்கள் கடைவளாகங்களாகவும் அடுக்ககங்களாகவும் மாறிவிட்டன. அவினாசி சாலையில் லட்சுமி மில் வளாகத்தின் ஒரு பகுதியே இன்று கடைவளாகம்தான். பருத்திக் காடு ஆலையாகி, ஆலை மறுபடி வெறும் நிலமாகி, நிலமே மதிப்பு மிக்க சரக்காகிவிட்டது.

பழம்பதிவேடு

இந்தத் தொடர்ச்சியை ஒரே ஒரு புலத்தைக் கொண்டு எவரும் நிறுவிக் காட்ட முடியும். ஆர்வமுள்ள இளைஞர்களுக்காக வழியை எழுதுகிறேன்.

தன் ஊரில் உள்ள பழைய ஆலை ஒன்றின் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய நகர நில அளவை எண்ணிலிருந்து பழைய புல எண்ணுக்குச் செல்ல வேண்டும். 1980-களில் முடிந்த, நில ஆவணங்களைப் புதுப்பிக்கும் யு.டி.ஆர். திட்டத்தின்போது பல இடங்களில் எண்களும் உட்பிரிவுகளும் மாறியிருப்பதால், ஒப்பீட்டுப் பட்டியல் இல்லாமல் இந்தப் படியைக் கடக்க முயல வேண்டாம். பழைய எண் கிடைத்ததும் ஊர் நிலங்களின் 'அ' பதிவேட்டில் அது நன்செய்யா, புன்செய்யா, புறம்போக்கா, தீர்வை எவ்வளவு, பட்டாதார் யார் என்பது தெரியும். பதிவேடுகளில் பசலி என்னும் வருவாய்க் கணக்கு ஆண்டு இருக்கும். 590-ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். பசலி 1320 என்பது லட்சுமி மில் தொடங்கிய 1910-ஐ ஒட்டியது. வில்லங்கச் சான்று கணினியில் 1975-க்குப் பிற்பட்ட காலத்துக்கே எளிதாகக் கிடைக்கும். அதற்கு முந்தையவற்றுக்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்துச் சுவடிகளைத் தேடச் சொல்லி மனுச் செய்ய வேண்டும். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் வருவாய்த்துறை ஆணைகளும் நில அளவைப் பதிவேடுகளும் உள்ளன.

பாகப் பிரிவினைப் பத்திரம் கிடைத்தால் அதை முதல் வரி முதல் கடைசி வரி வரை படியுங்கள். கிணறு, கவலை, வண்டித் தடம், முறைத் தண்ணீர், மரங்கள் என்று அதில் வருகிற விவரங்களைப் போல எந்த வாழ்க்கை வரலாறும் ஒரு குடும்பத்தைக் காட்டாது. கிணற்றடி கேட்ட பண்ணையாட்களும் சில நேரங்களில் அங்கே தென்படுவார்கள்: எல்லை சொல்லும் இடத்தில் 'சாளைக்கு (குடிசைக்கு) வடக்கு' என்றோ, அடமானப் பத்திரத்தில் சாட்சியின் கைநாட்டாகவோ. அந்தக் கைநாட்டுகளைத் தனியே ஓர் அட்டவணையில் ஊர்வாரியாக எழுதி வாருங்கள். இழையில் யாரேனும் தங்கள் ஊருக்கு அதைத் தொடங்கினால், சிங்காநல்லூர்ப் பகுதிக்கு நான் செய்து தருகிறேன்.